உங்க ஐம்பதா, எங்க ஐம்பதா?

சுன்குய் வாயைத் திறந்தால் நான்பாங்காவ் மீன்சந்தையில் பாதிப் பேர் நகர்ந்துபோவார்கள். மீதிப் பேர், அடுத்தவள் வாங்கிக் கட்டிக்கொள்வதை வேடிக்கை பார்க்கக் கிட்டே வருவார்கள். அப்படியொரு வாய். தைவான் கிழக்குக் கரையில் இத்தனை துறைமுகம் இருக்கிறதே, இவளை வேறெங்காவது கட்டிக்கொடுத்திருக்கக் கூடாதா என்று ஊரில் புலம்பாதவர் இல்லை. கட்டிக்கொண்ட தியென்லாய் மட்டும் ஒருநாளும் புலம்பியதில்லை. 'சின்ஹோங்' என்ற படகு அவனுடையது. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அவளுடைய வாய்க்காக அல்ல, அவளுடைய கணக்குக்காகவே அவளைக் கட்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொள்வான். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கானாங்கெளுத்தியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மீன் அரியும் வேலை இல்லை. நேர அட்டை பார்க்கிற வேலை. வாசலில் ஒரு கடிகாரப் பெட்டி இருக்கும். பெண்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அட்டையைச் செருகினால் மணியும் நிமிடமும் அதில் அச்சாகும். மாதக் கடைசியில் சுன்குய் அவற்றையெல்லாம் கூட்டு இயந்திரத்தில் அடித்துக் கூட்ட வேண்டும். இயந்திரத்துக்கு நிமிடம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பத்தும் நூறும்தான். ஆகவே ஏழு மணி முப்பது நிமிடம் வேலை செய்தவளுக்கு ஏழு புள்ளி ஐந்து என்று மாற்றி அடிக்க வேண்டும். நிமிடத்தை அறுபதால் வகுத்தால் முடிந்தது, பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஒருநாள் முதலாளி அவள் மேசைப் பக்கம் வந்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு தொல்லை? ஏழு முப்பதுன்னா ஏழு புள்ளி முப்பதுன்னே அடிச்சுட்டுப் போயேன்" என்றார்.

சுன்குய் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷர் தெரியாமல் சொல்லவில்லை என்பது அந்த முகத்திலேயே இருந்தது. சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து முப்பது நிமிடம், மணியில் நூற்றுக்கு முப்பது பங்காகி, பதினெட்டு நிமிடமாகச் சுருங்கியது, நாற்பத்தைந்து நிமிடம் இருபத்தேழாகச் சுருங்கியது. குளிரில் விரல் மரத்துப்போக மீன் குடல் உருவிய பெண்களின் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. அட்டையில் இருப்பதும் முப்பது, கூட்டலில் இருப்பதும் முப்பது. எவளுக்குச் சந்தேகம் வரும்?

ஒருத்திக்கு வந்தது. லேகியாவ் என்று பெயர். வெட்டு இயந்திரத்தில் இடது சுண்டுவிரலைப் பறிகொடுத்தவள். அவள் எல்லார் முன்னாலும் வந்து நின்று, "அக்கா, நான் கையில எண்ணிப் பார்த்தா ஜாஸ்தி வருதே" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நிமிஷம் அறுபதுடி. உனக்கு விரலே ஒம்பதுதான். நீ எதை வெச்சு எண்ணினே?" என்றாள் சுன்குய்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாருடைய நேரமும்தான் திருட்டுப் போய்க்கொண்டிருந்தது. லேகியாவ் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட்டாள். சுன்குய்க்கு இதில் மனசு உறுத்தியதா என்றால், உறுத்தவில்லை. அவள் மனசில் தங்கியது வேறு ஒன்று. பத்துக்கும் அறுபதுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அந்தச் சந்துக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம், பொய் சொல்லியும் ஆக வேண்டாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

தியென்லாயைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. தெற்கு வடக்காக ஓடும் கடலடி மேட்டில் ஒரு பார். பாறையும் பவளமுமாக இருக்கும் அந்த இடத்தில் சிவப்பு மீன் கொத்துக் கொத்தாக ஏறும். மேடு கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். வடக்கு தெற்கில் எந்த இடத்தில் அந்தப் பார் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதாவது ஒரே ஒரு எண். அந்த எண் தெரிந்தால் எவனும் வந்து தூண்டில் போடலாம்.

சிக்கல் என்னவென்றால், நான்பாங்காவில் படகுக்காரர்கள் ரேடியோவில் இடத்தை மறைக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருத்தன் பொய்யான இடத்தைச் சொல்லிவைக்க, அவன் மூழ்கியபோது தேடப் போனவர்கள் வேறெங்கோ தேடினார்களாம். அன்றிலிருந்து வருஷா வருஷம் கடலம்மன் மாட்ஸு கோயிலில் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு எல்லாப் படகுத் தலைவர்களும் சத்தியம் செய்ய வேண்டும். காலையும் மாலையும் கரை நிலையத்துக்கு இருக்கிற இடத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். அட்சரேகையில் இருபத்துநாலு டிகிரி என்பது எல்லாருக்கும் பொது என்பதால் அதைச் சொல்லமாட்டார்கள். அதற்குமேல், டிகிரிக்கு அறுபது என்ற கணக்கில், எத்தனை நிமிடம் என்பதை மட்டும் சொல்வார்கள். எல்லாப் படகும் எல்லா வீடும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"பொய் சொன்னா அம்மா சும்மா விடமாட்டா. உண்மையைச் சொன்னா பான்ஹோக் சும்மா விடமாட்டான்" என்று தலையைச் சொறிந்தான் தியென்லாய். பான்ஹோக்கின் படகு எப்போதும் இவன் பின்னாலேயே மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். அந்தப் பான்ஹோக்கைக் கட்டிக்கொண்டவள்தான் லேகியாவ்.

சுன்குய் வெற்றிலைப் பாக்கை மென்றுகொண்டே அவனுடைய ஜிபிஎஸ் பெட்டியை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். இடத்தை டிகிரி, நிமிடம் என்றும் காட்டச் சொல்லலாம், டிகிரிக்குப் புள்ளி வைத்து நூறில் இத்தனை என்றும் காட்டச் சொல்லலாம். பார் இருக்கும் இடம் இருபத்துநாலு டிகிரி முப்பது நிமிடம். பொத்தானை மாற்றினாள். அதே இடம், இருபத்துநாலு புள்ளி ஐம்பது.

"யோவ், இனிமே ரேடியோவுல ஐம்பதுன்னு சொல்லு."

"அது பொய்யில்லையா?"

"எதுய்யா பொய்? பொட்டியில அப்படித்தானே இருக்கு? பாதி டிகிரி, புள்ளி ஐம்பது. அம்மன் வந்து எட்டிப் பார்த்தாலும் சரியாத்தான் இருக்கும். அவனுங்க அதை நிமிஷம்னு நெனச்சுக்கிட்டா நாமளா பொறுப்பு?"

அவள் வீட்டு முன்னறையில் ரேடியோ வைத்திருந்தாள். அவன் சொல்லும் எண்ணை ஆறால் பெருக்கி, கடைசியில் வரும் சைபரைத் தட்டிவிட்டால் அவளுக்கு உண்மையான நிமிடம் கிடைத்துவிடும். ஐம்பது என்றால் முப்பது. ஊருக்கு ஐம்பது என்றால் ஐம்பதேதான். நிமிடத்துக்கு ஒரு கடல்மைல், நடுவே இருபது கடல்மைல்.

பான்ஹோக் முதல்முறை ஐம்பதை நம்பி வடக்கே போனான். வெறும் சேற்றுத் தரை. இரண்டாம் முறையும் போனான், மூன்றாம் முறையும் போனான். எண்ணெய் தீர்ந்து, ஐஸ் கரைந்து, மீன் இல்லாமல் கரைக்கு வந்தான். அவன் ஆட்கள் படகேறும் முன்னமே அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் வேறு படகுக்கே போய்விட்டான். சுன்குய் சந்தையில் கூடை கூடையாகச் சிவப்பு மீனை இறக்கிக்கொண்டே, "என்ன லேகியாவ், உன் வீட்டுக்காரர் தண்ணியை மட்டும் அள்ளிக்கிட்டு வர்றாராமே, சூப்பு வெக்கவா?" என்று கத்துவாள். வீட்டுக்கு வந்து தியென்லாயிடம் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவர்கள் கல்யாணத்தின் நல்ல வருஷங்கள் அவைதான். சொல்லக் கேவலமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இந்த வித்தையில் ஒரே ஒரு ஓட்டை உண்டு, அதை அவள் முதல்நாளே சொல்லியிருந்தாள். நிமிடம் அறுபதோடு முடிந்துவிடும், நூறு முடியாது. "அறுபதுக்கு மேல போற எடத்துல மட்டும் வாயைத் திறந்துடாதே. அங்கெல்லாம் நிமிஷத்துலயே சொல்லு."

தியென்லாய் மூன்று வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தான். பிறகு ஒரு மாலை, மீன் நிறைய ஏறிய சந்தோஷமோ என்னவோ, வடக்கில் புதிதாகப் பார்த்த ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டான். உண்மையில் அது நாற்பத்தைந்து நிமிடம். அவன் பெட்டியைப் பார்த்தபடியே வாசித்தான்.

"கரைக்கு, சின்ஹோங். எழுபத்தஞ்சு."

ரேடியோவில் வழக்கமாக ஓயாமல் ஓடும் அரட்டை அப்படியே நின்றது. எழுபத்தைந்து நிமிடம் என்று ஒன்று உலகத்தில் எங்கே இருக்கிறது? கரை நிலையத்துக்காரர் "திரும்பச் சொல்லுங்க" என்றார். தியென்லாய் தடுமாறி, "நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, வாய் குழறிடுச்சு" என்றான். அவ்வளவுதான், அரட்டை மறுபடி ஆரம்பித்தது. அன்று வீட்டுக்கு வந்தவனைச் சுன்குய் சோறு போடாமல் திட்டித் தீர்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் எதுவும் புரியவில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

கொஞ்ச நாளில் பான்ஹோக்கின் படகிலும் சிவப்பு மீன் இறங்க ஆரம்பித்தது. சுன்குய்க்குத் தூக்கம் போனது. எவனோ உள்ளிருந்தே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தாள். சின்ஹோங்கில் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் வேலை பார்த்தார்கள், கச்சாவ், லகாவ். அண்ணன்காரன் கச்சாவ் ஒருமுறை பான்ஹோக்கோடு உட்கார்ந்து பீர் குடித்ததை அவள் பார்த்திருந்தாள். அது போதுமே! புதுவருஷத்துக்கு ஊருக்குப் போகிற நேரம் பார்த்து, சந்தை நடுவில் அவனை நிறுத்தினாள்.

"எவ்வளவுக்குடா வித்தே?"

"எதை அண்ணி?"

"பாருடா, பாரு. எங்க பாரை எவ்வளவுக்கு வித்தே?"

"எனக்கு அந்தப் பொட்டியில எண்ணைக்கூட வாசிக்கத் தெரியாது அண்ணி. தியென்லாய் அண்ணனைக் கேளுங்க."

"அடேய், குடிக்க மட்டும் தெரியுமோ? போடா. உன் தம்பியாவது சோறு தின்னட்டும்னு விடறேன்."

தியென்லாய் பக்கத்தில் நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. கச்சாவ் தன் ரப்பர் பூட்ஸையும் மழைக்கோட்டையும் மடித்துக்கொண்டு நடந்தான். அடுத்த வாரம் பான்ஹோக் அவனைச் சேர்த்துக்கொண்டான். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று சுன்குய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

வடகிழக்குக் காற்று பிடித்த ஒருநாள். மற்றப் படகுகள் தயங்கியபோது தியென்லாய் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். "எங்கேய்யா?" என்றாள். "பாருக்குத்தான். காத்துல இன்னிக்கு எவனும் வரமாட்டான், நாம மட்டுந்தான்" என்றான். லகாவும் இன்னொரு கூலியாளும் கூடப் போனார்கள்.

காலை அறிக்கை வரவில்லை. மீன் ஏறுகிற மும்முரத்தில் மறந்திருப்பான் என்று நினைத்தாள். மதியமும் வரவில்லை. சுன்குய் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து பாக்கை மென்றபடி அவனைத் திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயத் தொடங்கியபோது கரகரவென்று அவன் குரல் வந்தது. காற்று பாதியைத் தின்றது.

"எல்லாரும் கேளுங்க... சின்ஹோங்... தண்ணி ஏறிடுச்சு, படகு கவுருது... ஐம்பது... எல்லாரும் கேளுங்க... ஐம்பது..."

அதோடு போயிற்று. அவள் மைக்கைப் பிடித்து, "யோவ்! யோவ்! தியென்லாய்!" என்று கத்தினாள். பதில் இல்லை. கரை நிலையம் கூப்பிட்டது, பதில் இல்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் பேச ஆரம்பித்தன. நான் கிளம்பறேன், நானும் கிளம்பறேன் என்று. காற்றுக்குப் பயந்து கரையில் கட்டியிருந்தவர்கள்கூடக் கயிறை அவிழ்த்தார்கள். அப்புறம் பான்ஹோக்.

"சுன்குய் அண்ணி, பான்ஹோக் பேசறேன். நான் வடக்கேதான் இருக்கேன், நாப்பத்திரண்டு. ஐம்பதைப் பார்த்துத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன், ரொம்பத் தூரமில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது உங்க ஐம்பதா, எங்க ஐம்பதா?"

சுன்குய் மைக்கை வாயருகே இழுத்தாள்.

"என்ன உளர்றே? ஐம்பதுன்னா ஐம்பதுதான்."

"அண்ணி, விளையாட இது நேரமில்ல. உங்க ஐம்பதுன்னா எங்க முப்பது. அந்தப் பாரு. எல்லாருக்கும் தெரியும் அண்ணி. எழுபத்தஞ்சுன்னு அன்னிக்கு வாய் குழறினாரே, அப்பவே தெரியும். சொல்லுங்க, எந்தப் பக்கம் போறது?"

நடுவில் யாரோ ஒருத்தன், "ஆறால பெருக்கணும், அதானே?" என்றான். கேலிக்குச் சொன்னானா, உதவிக்குச் சொன்னானா தெரியவில்லை.

எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாளும் தெரியும். சந்தையில் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி நடந்தபோதும், தண்ணியில் சூப்பு வைக்கவா என்று கத்தியபோதும், இவர்கள் அத்தனை பேரும் உள்ளுக்குள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தியென்லாய் வராத நாட்களில் அவனுடைய பாரில் தூண்டில் போட்டிருக்கிறார்கள். கச்சாவ் ஒன்றும் விற்கவில்லை. புருஷன் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, இந்த அவமானம்தான்.

"எங்களுக்குன்னு தனிக் கணக்கு ஒண்ணும் கிடையாது. ஊதுபத்தி பிடிச்சுச் சத்தியம் பண்ணின ஆளு அவரு" என்றாள்.

"சரி அண்ணி. அப்ப நேரா ஐம்பதுக்கே போறேன்."

பான்ஹோக்கின் இன்ஜின் இரைச்சல் ரேடியோவில் கேட்டது. மற்றப் படகுகளும் வடக்கே திரும்புவதாகச் சொல்லின. சுன்குய் மைக்கைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள், இப்படியே அரை மணி போயிற்று. காலையில் அவன் தன் வாயால் பாருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். பார் முப்பதில் இருக்கிறது. முப்பதில் அவன் தண்ணீரில் தத்தளிக்க, இவள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஊர்ப் படகையெல்லாம் இருபது மைல் தள்ளி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மானமாவது மண்ணாவது! அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து ஒருத்தரிடமும் கெஞ்சாதவள், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பான்ஹோக்! நில்லு! போகாதே! எங்க ஐம்பது, அது எங்க ஐம்பதுதான்! நாங்க பண்ணினது தப்பு, எல்லாத்துக்கும் மன்னிச்சுடுங்க. முப்பதுக்குப் போ. உன் காலைப் பிடிக்கறேன், தெக்கே திருப்பு."

பிறகு பான்ஹோக், "அழாதீங்க அண்ணி. திருப்பிட்டேன்" என்றான்.

அத்தனை படகும் தெற்கே போயின. அரசாங்க மீட்புப் படகும் அவள் சொன்ன இடத்துக்கே போனது. பாரின் மேல் விளக்கடித்துத் தேடினார்கள். அலையில் ஒரு எண்ணெய்த் துளிகூட மிதக்கவில்லை. ஒரு மிதவை இல்லை, ஒரு செருப்பு இல்லை. பொழுது விடியும்வரை தேடினார்கள்.

விடிந்ததும் கச்சாவ் பான்ஹோக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். தம்பி அந்தப் படகில் இருக்கிறானே. "அண்ணே, வடக்கே ஒருவாட்டி பார்த்துட்டுப் போயிடலாம். இங்க இல்லைன்னா வேற எங்க இருப்பாங்க? நீரோட்டம் வடக்கேதானே போகுது" என்றான். பான்ஹோக் வடக்கே திருப்பினான். ஐம்பதையும் தாண்டி, கவிழ்ந்த சின்ஹோங்கின் அடிப்பாகம் தண்ணீரில் தெரிந்தது. அதற்கும் அப்பால் தெர்மோகோல் மிதவையில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு லகாவ் கிடந்தான், உயிரோடு. கூலியாளின் உடல் கிடைத்தது. தியென்லாய் கிடைக்கவில்லை.

படகு துறைக்கு வந்தபோது ஊரே நின்றது. சுன்குய்க்கு அருகில் யாரும் நிற்கவில்லை. தள்ளி நின்ற லேகியாவ்தான் கடைசியில் நடந்து வந்தாள். வந்தவள் திட்டுவாள், சிரிப்பாள், கன்னத்தில் அறைவாள், எதற்கும் தயாராகத்தான் சுன்குய் நின்றாள். லேகியாவ் அதெல்லாம் செய்யவில்லை. நிஜமாகவே புரியாதவள் போலக் கேட்டாள்.

"ஏங்க்கா, அவரு உங்ககிட்டயா பேசினாரு? எல்லாரும் கேளுங்கன்னுதானே சொன்னாரு?"

எத்தனை வருஷம் தினம் இரண்டு வேளை அந்தக் குரலைக் கேட்டவள் சுன்குய். 'கரைக்கு' என்றுதான் ஆரம்பிப்பான், அதில் ஊருக்கு ஒரு எண், அவளுக்கு ஒரு எண். நேற்று அவன் ஊரைத்தான் கூப்பிட்டான். நேற்று மட்டும் அவன் அவளிடம் பேசவே இல்லை. குரல் அவனுடையது என்பதால் பேச்சு தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

லகாவைத் தூக்குப் படுக்கையில் இறக்கினார்கள். உதடு வெடித்து, கண் வீங்கிக் கிடந்தான். கச்சாவ் அவன் தலைமாட்டில் நடந்துவந்தான். சுன்குய் குறுக்கே போய் நின்றாள். கச்சாவ் அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

"என்னடா ஆச்சு?" என்றாள்.

லகாவ் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். காலையிலேயே இன்ஜின் நின்றுவிட்டது. அலை ஏறி பேட்டரி நனைந்துவிட்டது. அந்தக் கரையோரம் ஓடும் கருநீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தது. பகல் முழுவதும் தண்ணீரை இறைத்தார்கள். கடைசியில் விளக்குக்கு வைத்திருந்த சின்ன பேட்டரியை ஜிபிஎஸ்ஸுக்கும் ரேடியோவுக்கும் மாட்டி தியென்லாய் அண்ணன் உயிர் கொடுத்தார்.

"பொட்டியில எண் வந்துச்சு அண்ணி. எண்பத்திமூணுன்னு வந்துச்சுன்னு சொன்னாரு. ஒடனே பொத்தானை அமுக்கி மாத்தினாரு. 'ஊருக்குப் புரியற மாதிரி நிமிஷத்துலதான் சொல்லணும்'னாரு. ஐம்பதுன்னு வந்துச்சு. அதைத்தான் சொன்னாரு."

பான்ஹோக்கை அந்த மூன்று வருஷம் அலையவிட்ட அதே வெற்றுத் தண்ணீர். சுன்குய் தூக்குப் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கவுந்த பிறகு நாங்க அடிப்பாகத்து மேல ஏறிக்கிட்டோம். அப்பதான் பான்ஹோக் அண்ணன் படகைப் பார்த்தோம். அந்தச் சிவப்புப் பட்டை நல்லாத் தெரிஞ்சுது. நேரா எங்களைப் பார்த்துத்தான் வந்துச்சு. நாங்க கத்தினோம், சட்டையைக் கழட்டி ஆட்டினோம். இன்னும் கொஞ்சம் வந்திருந்தா எங்களைப் பார்த்திருப்பாங்க. திடீர்னு அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

பின்னால் நின்ற பான்ஹோக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அவரு?" என்றாள் சுன்குய்.

"அது போறதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், 'சுன்குய் உண்மையைச் சொல்லிட்டாடா'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பேசல. ஒரு பெரிய அலை வந்துச்சு."

அவனைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்கள். அவள் கம்பியை விடாமல் கூடவே ஓடினாள்.

"டேய் லகாவ், கோபமாச் சொன்னாரா? எப்படிடா சொன்னாரு? கோபமா?"

"தெரியல அண்ணி" என்றான் லகாவ். "காத்து ஜாஸ்தி."